ஜெபமும் பொறுமையும்

நமது கல்லூரி ஜெபாலயத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடக்கும் ஆசனங்கள், பரீட்சை நாட்கள் நெருங்குந்தோறும் ஒவ்வொன்றாய் நிறைந்துவருதலை நாம் யாவரும் அறிவோம். பரீட்சை முடிந்த மறுவாரமே அவை பழைய நிலையை அடைந்துவிடுதலையும் அறிவோம். இதனை எடுத்துக்காட்டி மாணவரை நகையாடுவது என் நோக்கமன்று. யானும் மாணவனாயிருந்த காலத்தில் அவ்வாசனங்களில் அவ்வாறே இருந்தெழுந்தவன். ஆசிரியனான பின்னரும், இடுக்கண் வந்தபோது ஓடிச்சென்று முழங்காற்படியிட்டு, அது நீங்கியதும் மறந்து திரிந்தவன். ஆபத்துக் காலத்தில் ஆண்டவரைக் கூப்பிடுதல், இடறி விழுந்த குழந்தை தாயைக் கூப்பிடுதல் போன்றது, அதனிற் குற்றமில்லை. ஆயினும் ஜெபம் என்பது அவ்வளவே என்று எண்ணி நின்றுவிடுவோமாயின், அதனால் விளையத்தக்க இரண்டு பெரும் பயன்களை இழந்துவிடுகிறோம். அவை சமாதானமும் பொறுமையுமாம். அவற்றைப் பற்றி என் சிற்றறிவிற்கு எட்டியவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

பெரும்பாலோர் கருத்து யாதெனில், நாம் ஒன்றைக் கேட்கிறோம், கடவுள் அதனைத் தருகிறார், தந்தவுடன் மனம் அமைதியுறுகிறது என்பதே. இக்கருத்தின்படி அமைதி, கேட்ட பொருளோடு சேர்ந்து வருவது. பொருள் வராவிடின் அமைதியும் வாராது. எனவே விடை தாமதிக்குந்தோறும் ஜெபம் பண்ணுவோன் மேலும் பதற்றமுடையவனாகின்றான். விரலால் தொட்ட மாத்திரத்தில் கைப்பேசியில் உலகச் செய்தி முழுவதும் வந்து நிற்கும் இக்காலத்திலோ, தாமதம் என்பதே ஓர் அநீதியாகத் தோன்றுகின்றது. நான் கூற விழைவது இதற்கு மாறானது. சமாதானமும் பொறுமையும் விடைக்குப் பின்னர் வருவன அல்ல. ஜெபத்திலேயே பிறந்து, விடைக்கு முன்னர் வருவன. சிலவேளைகளில் நாம் கேட்ட விடை வாராமலே வருவன.

முதற்கண் பொறுமை என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். தமிழிலே 'பொறு' என்பதற்குச் சுமத்தல், தாங்குதல் என்பன பொருள். 'பொறை' என்பது பொறுமையையும் குறிக்கும், பாரத்தையும் குறிக்கும். திருவள்ளுவர் தமது நூலின் 16-ஆம் அதிகாரமாகிய பொறையுடைமையைத் தொடங்கும்போது, தன்னைத் தோண்டுவோரையே தாங்கிநிற்கும் நிலத்தை உவமை காட்டினார். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில், பொறுமை என்று நாம் பெயர்த்து வழங்கும் சொற்களுள் ஒன்றிற்கு, 'ஒன்றன் கீழ் நிலைத்து நிற்றல்' என்பது சொற்பொருள். ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இருமொழிகள் ஒரே கருத்தைக் கொண்டிருத்தல் வியக்கத்தக்கதன்றோ? பொறுமை என்பது சும்மா இருத்தலன்று. பாரத்தின் கீழ் நிற்றல். பாரம் இல்லாதவனுக்குப் பொறுமையும் இல்லை. அதற்கு வேண்டுதலும் இல்லை.

இனி வேதாகமத்திலிருந்து ஒரு சரித்திரத்தை நோக்குவோம். சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் தொடக்கத்தில் அன்னாள் என்னும் பெண்மணியைக் காண்கிறோம். அவளுக்குப் பிள்ளையில்லை. அவள் கணவனின் மற்றொரு மனைவியாகிய பெனின்னாளோ, மக்களைப் பெற்றதுமன்றி, ஆண்டுதோறும் தேவாலயத்திற்குச் செல்லும்போதெல்லாம் இவளை மனம் நோகப் பேசியும் வந்தாள். ஓராண்டு அன்னாள் சீலோவின் ஆலயத்தில் அழுது ஜெபித்தாள். உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் எழவில்லை. அதனைக் கண்ட ஆசாரியன் ஏலி, அவள் குடித்து வெறித்திருக்கின்றாளென்று எண்ணிக் கடிந்துகொண்டான். ஆண்டுக்கணக்காய் ஏளனத்தைச் சுமந்த ஒருத்தி, ஆறுதலை நாடிவந்த இடத்திலும் பழிச்சொல்லைக் கேட்க நேர்ந்ததெனின் அவள் மனம் எவ்வாறு கொதித்திருக்கவேண்டும்! ஆனால் அவள் கொதிக்கவில்லை. தன் துயரத்தை அடக்கமாய் எடுத்துரைத்தாள். ஏலி அவளைச் சமாதானத்தோடே போகும்படி ஆசீர்வதித்தான். அவள் கேட்டது இன்னதென்று அவன் வினவியதாகவும் காணோம்.

அதன்பின் நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. அன்னாள் திரும்பிச் சென்று உணவு உட்கொண்டாள்; அவள் முகத்தில் துக்கம் நீங்கிற்று. அப்பொழுது அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதோ? இல்லை. கருவுற்றிருந்தாளோ? அதுவுமில்லை. வீட்டில் பெனின்னாள் இருந்தபடியே இருந்தாள். வெளியில் யாதொன்றும் மாறவில்லை. உள்ளே யாவும் மாறிற்று. கேட்டதற்கும் பெற்றதற்கும் இடையிலுள்ள அந்த வெற்றிடத்திலேதான் அவள் முகம் மலர்ந்தது. சாமுவேல் பிறந்தது பின்னர். ஜெபத்தின் பயன் சாமுவேல் மாத்திரமே என்று எண்ணுவோர், அன்று மாலை அன்னாள் உண்ட உணவை மறந்துவிடுகின்றனர்.

கேட்டது கிடைத்தமையால் இச்சரித்திரம் எளிதாயிற்று என்று ஒருவர் கூறலாம். கேட்டது கிடையாத ஒரு ஜெபத்தையும் காண்போம். கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர், தமக்கு முன்னிருந்த பாத்திரம் நீங்கவேண்டுமென்று கேட்டார். ஒருமுறையன்று, மும்முறை கேட்டார். அது நீங்கவில்லை. மனுஷகுமாரன் தமது துயரத்தை மறைத்து, துறவியரைப் போன்று உணர்ச்சியற்று நின்றார் என்று சுவிசேஷகர் எழுதவில்லை. வியாகுலப்பட்டார் என்றே எழுதினர். ஆகவே அச்சமும் கண்ணீரும் விசுவாசத்திற்குப் பகையல்ல. ஆனால் அந்த ஜெபம் முடிந்தபின் எழுந்தவர், தம்மைக் காட்டிக்கொடுக்க வந்தவனை எதிர்கொள்ளத் தாமே நடந்தார்.

அதே இரவில், அதே தோட்டத்தில், சீஷரோ நித்திரை செய்தனர். விழித்திருந்து ஜெபிக்கும்படி சொல்லப்பட்டும் உறங்கிய பேதுருவே, சேவகர் வந்தவுடன் பட்டயத்தை உருவி ஒருவன் காதை வெட்டினான். சிறிது நேரத்திற்குள் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு அஞ்சி ஆண்டவரை மறுதலித்தான். ஜெபித்தவர் பொறுமையோடு நின்றார்; உறங்கினவன் முதலில் வெகுண்டான், பின்னர் அஞ்சினான். வெகுளியும் அச்சமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன என்பதும், அவ்வேரைத் தொடுவது ஜெபமே என்பதும் இதனால் விளங்கும்.

பவுல் அப்போஸ்தலனும் இதனையே போதித்தார். பிலிப்பி நகரத்துச் சபைக்குச் சிறையிலிருந்து எழுதிய நிருபத்தில், கவலைகளையெல்லாம் நன்றியறிதலோடுகூடிய ஜெபத்தினால் தேவனுக்குத் தெரியப்படுத்தும்படி சொன்னவர், கேட்டவையெல்லாம் கிடைக்குமென்று அதனோடு சேர்த்து எழுதவில்லை. அறிவுக்கெட்டாத தேவசமாதானம் உங்கள் உள்ளங்களைக் காக்கும் என்னும் கருத்தையே எழுதினார். 'காத்தல்' என்பதற்கு அவர் வழங்கிய கிரேக்கச் சொல், படைவீரர் நகரத்தைக் காவல்செய்தலைக் குறிப்பது. பிலிப்பியோ ரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரரைக் குடியேற்றிய நகரம். காவல் இன்னதென்பது அவ்வூரார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பகைவன் இல்லாத ஊருக்குக் காவல் எதற்கு? சமாதானம் என்பது பகையில்லாமையன்று, பகை சூழ்ந்தபோதும் கோட்டை விழாமையே என்பது அவர் கருத்து.

நிற்க. இங்கே விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "இவையெல்லாம் மனத்தின் மயக்கமே, துன்புற்றவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலே ஜெபம்" என்று தடை நிகழ்த்தலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மயக்கத்தையும் மெய்யான சமாதானத்தையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். என் கருத்தில் அவ்வுரைகல் இதுவே: மயக்கமடைந்தவன் உண்மையைக் காண அஞ்சுவான், மெய்ச் சமாதானம் பெற்றவன் உண்மையை ஏறிட்டு நோக்கித் தன் தொழிலைச் செய்வான்.

வில்லியம் கேரியின் வாழ்க்கையை இவ்வுரைகல்லில் இட்டுப் பார்ப்போம். அவர் 1793-ஆம் ஆண்டு வங்காளத்திற்கு வந்தார். மறு ஆண்டே ஐந்து வயது மகனைச் சாகக் கொடுத்தார். அவர் மனைவியார் சித்தம் கலங்கிப் பல்லாண்டு துன்புற்று 1807-இல் இறந்தார். கிருஷ்ண பால் என்னும் தச்சர் 1800-ஆம் ஆண்டு டிசம்பரில் ஞானஸ்நானம் பெறும்வரை, ஏழாண்டு உழைப்பிற்குக் கண்கண்ட பலன் இல்லை. பின்னர் செராம்பூரில் அச்சகம் செழித்தோங்கியது. 1812-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் மாலை அவ்வச்சகத்தில் தீப்பற்றிற்று. உடன் ஊழியராகிய வில்லியம் வார்டு முதலியோர் அணைக்க முயன்றும் இயலவில்லை. காகிதக் கட்டுகளும், பல மொழிகளுக்கென வார்த்த அச்செழுத்துக்களும், அச்சிடக் காத்திருந்த கையெழுத்துப் பிரதிகளும் வெந்து சாம்பராயின. அவற்றுள் கேரி நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியும் ஒன்று. கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கேரிக்கு, ஜோசுவா மார்ஷ்மன் மறுநாள் நேரிற் சென்று இச்செய்தியைத் தெரிவித்தார்.

கேரி திரும்பிவந்து அச்சாம்பரைக் கண்டார், கலங்கினார். இழப்பு சிறிது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறாம் சங்கீதத்தை எடுத்து, கடவுள் நம்மைத் தம் சித்தப்படி நடத்தும் உரிமையுடையவர் என்றும், அதற்கு இணங்குதல் நம் கடமை என்றும் பிரசங்கித்தார். அதன்பின் என் செய்தார்? சாம்பரினின்று உருகிய உலோகத்தைத் திரட்டினர்; தீக்குத் தப்பிய அச்சுவார்ப்புக் கருவிகளைக்கொண்டு எழுத்துக்களை மீண்டும் வார்த்தனர்; அவர் மொழிபெயர்ப்புக்களைத் திரும்பவும் எழுதத் தொடங்கினார். ஒருமுறை நடந்த வழியை மறுமுறை நடத்தல் எளிது என்னும் கருத்துப்பட நண்பருக்கு எழுதினார். அந்த அகராதி மாத்திரம் பின்னர் வெளிவரவேயில்லை. இழந்தவை யாவும் திரும்பக் கிடைத்தன என்று முடியும் கதையன்று இது. திரும்பக் கிடையாததை உடையதென்று தெரிந்தும், மறுநாள் காலை எழுதுகோலை எடுத்த ஒருவரின் வரலாறு இது. இதனை மயக்கம் என்பார் உளரெனில், அத்தகைய மயக்கம் நம் கல்லூரியில் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பதாக!

மற்றொரு தடையும் உண்டு. அது முன்னதினும் வலியது. "பொறுமையைப் போதிப்பவர் யார்? பெரும்பாலும் பாரத்தை ஏற்றிவைத்தவரே. நசுக்கப்பட்டோர் நசுங்கியே கிடக்கும்பொருட்டு ஜெபமும் பொறுமையும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன" என்று சிலர் கூறுவர். சரித்திரத்தில் அவ்வாறு நிகழ்ந்ததுண்டு என்பதை நாம் மறுத்தல் கூடாது. தான் தூக்க விரும்பாத பாரத்தைப் பிறன் தோளில் ஏற்றி, "பொறுத்துக்கொள்" என்பவன் பொறுமையைப் போதிக்கவில்லை. அப்பெயரால் கொடுமையை மூடிவைக்கிறான். ஆயினும் போலி நாணயம் உண்டென்பதால் நல்ல நாணயம் இல்லையென்று ஆகாது.

அமெரிக்காவில் மாண்ட்காமரி நகரத்தில், பேருந்துகளில் கறுப்பின மக்கள் இழிவாக நடத்தப்பட்டமையை எதிர்த்து 1955 டிசம்பரில் மக்கள் அவற்றைப் புறக்கணிக்கத் தொடங்கினர். அதற்குத் தலைமை தாங்கிய இளம் போதகர் மார்ட்டின் லூதர் கிங். 1956 ஜனவரி 27-ஆம் நாள் இரவு, தொலைபேசியில் ஒருவன் அவருக்குக் கொலைமிரட்டல் விடுத்தான். உறக்கம் வராமல் சமையலறை மேசையின் முன் அமர்ந்த கிங், தாம் பலவீனமடைந்ததையும் துணிவை இழந்துவருவதையும் கடவுளிடம் ஒளியாது கூறினார். அவ்வேளையில் தெய்வப் பிரசன்னத்தை முன்னர் அறியாத அளவில் உணர்ந்ததாகவும், அச்சம் நீங்கியதாகவும் பின்னர் எழுதினார். மூன்று நாட்களுக்குப்பின், ஜனவரி 30-ஆம் நாள் இரவு, அவர் வீட்டின்மீது வெடிகுண்டு எறியப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர், தெய்வாதீனமாய்த் தப்பினர். சினங்கொண்டு ஆயுதங்களோடு கூடிய மக்கள்முன், உடைந்த வீட்டின் வாயிலில் நின்று, ஆயுதங்களைக் கொண்டுபோய்விடும்படியும் பகைவரை நேசிக்கும்படியும் கிங் கேட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது. போராட்டமோ கலையவில்லை, 381 நாட்கள் நடந்து வென்றது. இவரே 1964-இல், நாம் இனியும் காத்திருக்க இயலாதது ஏன் என்னும் பொருள்படும் தலைப்போடு ஒரு நூல் வெளியிட்டார். அநீதி நிலைத்திருக்கப் பொறுக்கமாட்டோம் என்றவரும் அவரே. அநீதி செய்தவனை வெறுக்காமல் பொறுத்தவரும் அவரே. ஜெபத்திற் பிறந்த பொறுமை இத்தன்மையது.

பெரியோர் வரலாறுகளைக் கூறிவிட்டு என்னைப் பற்றி யாதும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. என் தகப்பனார் தமது கடைசி மூன்றாண்டுகளைப் பக்கவாதத்தாற் படுக்கையிற் கழித்தார். வலப்பக்கம் முற்றும் செயலற்றது, நினைவும் தடுமாறிற்று. ஒவ்வோர் இரவும், "வாசலைப் பூட்டினாயா, தம்பி?" என்று கேட்பார். பூட்டியாயிற்று என்பேன். கால் மணி நேரங்கழித்து மறுபடியும் அதனையே கேட்பார். ஓரிரவில் பத்துமுறையேனும் கேட்பார். பகலெல்லாம் வகுப்பு நடத்திக் களைத்த யான் ஒருநாள், "எத்தனை தரம் சொல்வது, ஐயா! உறங்கவிட மாட்டீர்களா?" என்று உரக்கக் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கப்படி படுக்குமுன் முழங்காற்படியிட்டேன். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினேன். பிறர் குற்றங்களை நாம் மன்னித்தலைக் குறிக்கும் இடத்திற்கு வந்ததும் நா எழவில்லை. என் தகப்பனார் எனக்கு என்ன குற்றம் செய்தார்? ஏழைப் பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்து, எங்கள் வீட்டு வாசலை நாற்பதாண்டு தம் கையாற் பூட்டிக் காத்தவர் அவர். அப்பொழுதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. அதுவரை அவர் குணமடையவேண்டுமென்று நான் செய்துவந்த ஜெபத்தில் பாதி, அவருக்காகச் செய்யப்பட்டதன்று. அவரிடமிருந்து எனக்கு விடுதலை வேண்டியே செய்யப்பட்டது. வெட்கமடைந்தேன். அன்று குணத்தைக் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தருளும்படி கேட்டேன்.

மறுநாள் இரவு அவர் அக்கேள்வியைக் கேட்டபோது, எழுந்துபோய் வாசற்கதவின் சாவியைக் கொணர்ந்து, செயலுடைய அவரது இடக்கையில் வைத்தேன். கையை மூடிக்கொண்டார், சற்று நேரத்தில் உறங்கினார். இத்துணை எளிய உபாயம் அதற்குமுன் எனக்குத் தோன்றாதது ஏன்? சினங்கொண்டவனுக்குத் தன் சிரமம் மாத்திரமே தெரியும். எதிரிலிருப்பவனின் அச்சம் தெரியாது. பொறுமை வந்தபின்னரே கண் திறந்தது. சில இரவுகளில் சாவி கைநழுவி விழும். அவர் மீண்டும் கேட்பார். யான் எடுத்துக் கொடுப்பேன். அதன்பின் யான் சினமே கொள்ளவில்லையென்று சொன்னால் அது பொய்யாகும். பலமுறை கொண்டேன், பலமுறை முழங்காற்படியிட்டேன். என் தகப்பனார் குணமடையவில்லை. அந்நோயிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆயினும் என் ஜெபம் கேட்கப்படவில்லையென்று யான் எங்ஙனம் சொல்வேன்?

நம் நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில், இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளை இன்னும் சில இடங்களிற் காணலாம். பிள்ளைப்பேற்றின்முன் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவுவது முற்கால வழக்கமாயிருந்தது. தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன், இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் பிறர் துணையின்றி, நின்றபடியே சுமையை அக்கல்லின்மேல் தள்ளிவைத்து இளைப்பாறுவான்; பின்னர்த் தானே அதனைத் தலைக்கு வாங்கிக்கொண்டு நடப்பான். சுமைதாங்கி சுமையைக் குறைப்பதில்லை. ஊரையும் அருகிற் கொணர்வதில்லை. ஆனால் அஃதில்லாத வழியில் எத்தனைபேர் சுமையோடு வீழ்ந்திருப்பர்! ஜெபம் அத்தன்மையதென்று எண்ணுகிறேன்.

ஆகவே மாணவ சகோதர சகோதரிகளுக்கு யான் சொல்லத்தக்கது சிலவே. சுமைதாங்கி வழியில் இடையிடையே இருத்தல்போல, நாளின் இடையே ஜெபத்திற்கென ஒரு நேரத்தைக் குறித்துவைத்தல் நலம்; வீழ்ந்தபின் தேடுவோமெனில் இடம் தெரியாது. கடவுளிடம் அழகிய சொற்களைத் தேடவேண்டா. அன்னாளைப்போல உதடசைந்தாலும் போதும். மனத்தாங்கலை மறைக்கவும் வேண்டா. சங்கீதங்களிற் பல முறையீடுகளே. நம்மைச் சினமூட்டுவோர் எவரோ, அவரை நாள்தோறும் பெயர் சொல்லி நினைத்தல் வேண்டும். ஒருவருக்காக மெய்யாய் ஜெபித்துக்கொண்டே அவரை வெறுத்தல் அரிது. கேட்டுமுடித்தவுடன் எழுந்தோடாமல், சற்றுநேரம் மௌனமாயிருத்தல் வேண்டும். நாம் திருந்தவேண்டிய இடம் பெரும்பாலும் அம்மௌனத்திலேயே புலப்படும்.

பரீட்சைக்கு முன்னர் ஜெபாலயத்திற்கு வருவீராக, தடையில்லை. பரீட்சையின் முடிவு வெளிவந்த மறுநாளும், அது நீர் விரும்பியபடி இருந்தாலும் இராவிட்டாலும், வருவீராக. அன்று அவ்வாசனத்தில் அமர்ந்திருக்கும் சில நிமிடங்களே, கல்லூரியை விட்டகன்று நெடுவழி நடக்கும் காலத்தில் உமக்குக் கைகொடுக்கும்.